விளக்கெண்ணெய் வேண்டாம் என்று நான் கத்தியதற்குக் காரணம்

கதிர்,

செவ்வாய்க்கிழமை காலையில் நீ ஓசூரிலிருந்து போன் செய்தபோது உன்னிடம் கத்திவிட்டேன். மோட்டார் ரிப்பேருக்காகக் கடையில் காத்திருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கேட்டது பெரிய விஷயமே இல்லை. "அப்பா, பாப்பா அஞ்சு நாளா வெளிக்கு போகல. நித்யாவோட அம்மா கொஞ்சம் விளக்கெண்ணெ குடுக்கலாம்னு சொல்றாங்க. எவ்ளோ குடுக்கணும்னு அம்மாகிட்ட கேட்டா, ஒண்ணும் பேசாம போன வச்சிட்டாங்க. நீயாவது கேட்டுச் சொல்லுபா" என்றாய். நான் உடனே, "ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது. போச்சுன்னா நான் மனுசனா இருக்கமாட்டேன்" என்றேன். "ஏம்பா இப்டி கத்துற, எல்லாரும் குடுக்கறதுதானே" என்றாய். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போ, இப்போதே போ என்று மறுபடியும் கத்தினேன். உன் பதிலைக் கேட்காமலே போனை வைத்தேன்.

வியாழக்கிழமை உன் மெசேஜ் வந்தது. டாக்டர் எடை பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார், வீடு திரும்பும் வழியிலேயே பாப்பா இரண்டு டயபரை நிரப்பிவிட்டாள் என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகளாக ஒரு வரிசை அனுப்பியிருந்தாய். அதைப் படித்ததும் கடையைப் பாதியில் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். உன் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "அவனுக்கு எழுதுங்க. என்னால சொல்ல முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றாள். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்து உனக்குப் பேனா பிடித்து எழுதுகிறேன்.

உனக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள் என்பது உனக்குத் தெரியும். திவ்யா. கைக்குழந்தையாக இருந்தபோதே ஜுரத்தில் போய்விட்டாள் என்று நீ கேட்டபோதெல்லாம் சொல்லியிருக்கிறோம். ஜுரம் வந்தது உண்மைதான். அது ஏன் வந்தது என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி, நான்கு குடித்தனம் இருந்த ஒரு வீட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தோம். நான் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். ஓரிக்கை ரோட்டில் பம்புசெட் மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்றில் வேலை. உன் அம்மாவுக்கு இருபத்தொரு வயது. அவளுடைய அம்மா முன்பே இறந்துவிட்டதால் பிரசவத்துக்குப் போக அவளுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இல்லை. பிரசவத்தின்போது ஐயம்பேட்டையிலிருந்து உன் அத்தைதான் வந்து பத்து நாள் இருந்து பார்த்துக்கொண்டாள். அதன் பிறகு அந்த ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர். திவ்யா நல்ல பாரமான குழந்தை. முதல் மாதம் ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை போவாள். அரைத்த கடுகு நிறத்தில், தண்ணியாக. துணி துவைத்துத் துவைத்து உன் அம்மாவின் விரலிடுக்கெல்லாம் வெந்து போயிருந்தது.

ஒன்றரை மாதம் ஆனபோது அது சட்டென்று நின்றது. ஒரு நாள் போகவில்லை. இரண்டாம் நாளும் போகவில்லை. மூன்றாம் நாள் எனக்கு வேலையில் மனசு நிற்கவில்லை. அவளுக்கோ ஒன்றுமே இல்லை. பால் குடித்தாள், தூங்கினாள், மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள். மூத்திரத் துணி கொடியில் எப்போதும் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வப்போது முகம் சிவந்து, முக்கி, காலை வயிற்றோடு மடக்கிக்கொள்வாள். அப்புறம் கொஞ்சம் காற்றுப் போகும், முகம் தெளிந்துவிடும். உன் அம்மா பயப்படவில்லை. "பால் நல்லா குடிக்கிறா. வயிறு மெத்துன்னு இருக்குது. காத்தும் போவுது. இன்னும் ரெண்டு நாள் பாக்கலாங்க" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், பார்த்ததைச் சொன்னாள். அவள் சொன்ன ஒவ்வொன்றும் சரி என்று பிறகு ஒரு டாக்டர் வாயால் கேட்டேன்.

ஆனால் நான் கேட்டது வீட்டிலிருந்த மற்றவர்களை. ஒருத்தர் சோப்பைச் சீவி ஆசனவாயில் வைக்கச் சொன்னார். ஒருத்தர் வசம்பு உரசிக் கொடு என்றார். ஒருத்தர் கிரைப் வாட்டர் பாட்டிலையே கொண்டுவந்து கையில் வைத்துவிட்டுப் போனார். நான்காம் நாள் நானே வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தடவி வைத்துப் பார்த்தேன். குழந்தை அலறிய அலறலில் உன் அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். துணியில் பொட்டு அளவுக்கு ரத்தம். அதைப் பார்த்தாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். என் தொழில் புத்தி விடவில்லை. ஓடுகிற ஒன்று நின்றுவிட்டால் அதைத் திறந்து கைவைத்து ஓட வைக்கிறதுதான் எனக்குத் தெரிந்த வேலை. நிற்பது என்றாலே கெட்டுப்போனது என்று நினைத்தேன். ஒரு பச்சைக் குழந்தையின் குடல் தன் போக்கில் நிற்கவும் செய்யும், போகவும் செய்யும் என்பது எனக்குப் புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலையில் ஐயம்பேட்டைக்குப் பஸ் ஏறிப் போய் உன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள், நாலு பேருக்கும் மாதா மாதம் எண்ணெய் ஊற்றியவள், அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். கதிர், ஊரில் இந்தக் கதை தெரிந்த இரண்டொருவர் அத்தைதான் எண்ணெய் ஊற்றினாள் என்று சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. அவள் வந்து குழந்தையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "கல்லா இல்லியேடா. நல்லாத்தானே கீறா" என்றாள். உன் அம்மா குழந்தையை வாங்கிக்கொண்டு, வேண்டாம் அண்ணி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அத்தை என்னைப் பார்த்து, "பெத்தவ வேணான்றாளேடா" என்றாள்.

"அவளுக்கு இன்னா தெரியும். நீ ஊத்துக்கா" என்றேன்.

அத்தை காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலின்மேல் மல்லாத்திக்கொண்டாள். பாலாடைச் சங்கில் எண்ணெய். உதட்டில் பட்டதும் திவ்யா வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையைத் திருப்பினாள். ஒரு தடவை கன்னத்தில் வழிந்து வீணானது. "மூக்கப் புடிச்சாத்தான் தொறப்பா" என்று அத்தை சொன்னாள், ஆனால் அவளுக்குக் கை ஒழியவில்லை. மூக்கைப் பிடித்தது நான். இந்தக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். வாயைத் திறந்து மூச்சை உள்ளே இழுத்த நேரத்தில் எண்ணெய் மொத்தமும் இறங்கியது. அவளுக்கு இருமக்கூட வரவில்லை. கண் இரண்டும் விரிந்து, உதடு நாவல்பழ நிறத்துக்குப் போனது. அத்தை கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். கொஞ்சம் எண்ணெய் மூக்கு வழியாக வந்தது. அப்புறம் அழுதாள். அழுதுவிட்டாளே என்று எல்லோருக்கும் நிம்மதி.

இரண்டு மணி நேரத்தில் போக ஆரம்பித்தாள். துணி துணியாகப் போனாள். நான்கு குடித்தனமும் சேர்ந்து சந்தோஷப்பட்டது. நான் கடைக்குப் போய் முதலாளியிடம், "சரியாயிட்ச்சுண்ணே" என்று சொன்னது நினைவிருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் உன் அம்மா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூச்சு வேகமா இருக்குதுங்க. இங்க பாருங்க, வெலா எலும்புகிட்ட உள்ள குழி விழுது" என்றாள். நான், "அவ்ளோ பேதியாச்சுல்ல, அசதியா இருக்கும். தூங்கட்டும்" என்றேன். ஒரு நாள் அப்படிப் போனது. மறுநாள் காலையில் உடம்பு கொதித்தது. மார்பில் வாய் வைத்தாள், இழுக்கவில்லை.

அன்று கோயிலில் கருட சேவை. நீ எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறாய். விடிவதற்கு முன்பே நம் பக்கத்துத் தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது, வண்டி எதுவும் உள்ளே வராது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடக்க, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா பின்னால் வந்தாள். கூட்டம் எங்களுக்கு எதிராக வந்துகொண்டிருந்தது. சாமி பார்க்கக் குழந்தையைக் கொண்டு வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சில பேர் வழிவிட்டார்கள். உயரமான ஒரு ஆள், "கொழந்தய குடுபா, நான் தூக்கிக் காட்றேன், உங்களுக்கு எட்டாது" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த முகம் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கூட்டத்தைத் தாண்டி ஆட்டோ கிடைக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசுப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் அவர் முகம் மாறியது. "என்ன குடுத்தீங்க குழந்தைக்கு?" என்று கேட்டார். நான் உன் அம்மாவை முந்திக்கொண்டு, "ஒண்ணும் குடுக்கல மேடம், தாய்ப்பால் மட்டுந்தான்" என்றேன். உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டுவார்களே என்ற பயம், வேறு ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடப் பையன் போல ஒரு டாக்டரின் திட்டுக்குப் பயந்து என் குழந்தை உயிர் விஷயத்தில் பொய் சொன்னேன். மறுநாள் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் கூப்பிட்டு அவர் மறுபடி கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நேத்தே சொல்லியிருக்கலாமே சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வருஷம் நின்றிருக்காது அந்தக் குரல்.

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு திவ்யா போய்விட்டாள். உன் அம்மா பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று பீய்ச்சிவிடப் போயிருந்த நேரம். டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு நிறுத்தித் தனியாகச் சொன்னார். "எண்ணெய் வயித்துக்கு மட்டும் போகல. நுரையீரலுக்குள்ள இறங்கிடுச்சு. அதை எடுக்க மருந்து கிடையாது. எங்களால முடிஞ்சதப் பாத்தோம். இன்னொரு குழந்தை பிறந்தா தயவு செஞ்சு இதைச் செய்யாதீங்க" என்றார். நான் தலையாட்டினேன். உன் அம்மா திரும்பி வந்தபோது, ஜுரம் முற்றிவிட்டதாம் என்று சொன்னேன்.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். அது வைகாசி மாதம். பலாப்பழக் காலம். உன் அம்மாவுக்குப் பலாப்பழம் என்றால் உயிர் என்று ஒரு வாரம் முன்னால் நானே வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். மூன்று சுளை சாப்பிட்டிருப்பாள். துக்கத்துக்கு வந்தவர்கள், "பச்ச ஒடம்புக்காரி பலாப்பயம் தின்னா பால் கெடாம இன்னா ஆவும்" என்று அவள் காதில் விழவே பேசினார்கள். தாய்ப்பால் கெட்டுக் குழந்தைக்கு வயிறு கட்டிப்போனது, அதில்தான் ஜுரம் வந்தது என்று கதை ஒன்று தயாரானது. எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தக் கதை எனக்கு வசதியாக இருந்தது. அவள் தன் பாலே தன் குழந்தையைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வாழ்ந்தாள், நான் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பலாப்பழ வாசனையே ஆகாது என்று நீ நித்யாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அப்படி இல்லை கதிர்.

அப்புறம் நீ பிறந்தாய். உனக்கும் நாற்பது நாள் தாண்டியதும் அதே போல நின்றது. நான்காம் நாள், யாரும் கூப்பிடாமலே, அத்தை ஐயம்பேட்டையிலிருந்து வந்தாள். பையில் எண்ணெய் பாட்டில். அவளுக்கும் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. பலாப்பழக் கதையை அவளும் நம்பியிருந்தாள். நான் வாசற்படியில் குறுக்கே நின்று, "உள்ள வா, ஆனா அத வெளிய வச்சிட்டு வா" என்றேன். "இன்னாடா புதுசா? அவளுக்கு நீதானே ஊத்தச் சொன்ன?" என்றாள். "அதனாலதான் சொல்றேன். அந்த எண்ணெதான்கா நெஞ்சுல எறங்கி அவளக் கொன்னுச்சு. டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அத்தை பையைப் படியில் வைத்தாள். "அப்போ நான் கொன்னுட்டேன்றியா?" என்றாள். "இல்லக்கா. நான்தான்" என்றேன். திரும்பிப் பார்த்தால் உன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை, அழவில்லை. மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. அவள் பேசாத முதல் நாளே உன்னைக் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் கொண்டு போனோம். வயசானவர், பொறுமையானவர். உன்னை எடை போட்டார். ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைகிறது என்று அம்மாவிடம் கேட்டார். வயிற்றை நாலு விரலால் அழுத்திப் பார்த்தார். "பிறந்த அன்னைக்கு, மறுநாள் கருப்பா போனானா?" என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொன்னாள். பிறகு அவர் சொன்னார்: "தாய்ப்பால்ல வீணாப் போறது ரொம்பக் கம்மிமா. ஒன்றரை மாசத்துக்கு மேல ஆயிட்டா, சில குழந்தைங்க ஒரு வாரம், பத்து நாள்கூடப் போகாது. உடம்பு எல்லாத்தையும் எடுத்துக்கும். பால் குடிச்சு, மூத்திரம் போயி, எடை ஏறி, வயிறு மெத்துன்னு இருந்தா அதுக்குப் பேரு மலச்சிக்கல் இல்ல. எத்தனை நாள்னு எண்ணாதீங்க. போறது மெத்துன்னு இருக்கா, கல்லு மாதிரி இருக்கான்னு மட்டும் பாருங்க." உன் அம்மா அப்போது தானாகவே, "பலாப்பயம் சாப்பிட்டா பால் கெடுமா சார்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "கெடாதும்மா. நல்லா சாப்பிடு" என்றார். எதற்காகக் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

எட்டாம் நாள் காலையில் நீ போனாய். முதுகு வரைக்கும், என் வேட்டி வரைக்கும். வெண்ணெய் போல மெத்தென்று, மஞ்சள் நிறத்தில். நான் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தபோது உன் அம்மா அந்தத் துணியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் பேசினாள். "அவளும் எட்டாம் நாள் போயிருப்பா இல்ல?" என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் அந்தத் துணியை அவள் கையிலிருந்து வாங்கித் துவைக்கப் போனேன்.

அத்தையைப் பற்றி ஒன்று. அவள் உயிரோடு இருந்தவரை உன்னைத் தோளிலும் இடுப்பிலும் சுமந்தாள், உனக்காகச் சண்டை போட்டாள், ஆனால் தன் கையால் உனக்கு ஒரு வாய்கூட ஊட்டியதில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். தட்டை உன் அம்மாவிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவாள். அவள் சாகும்வரை அதை என்னால் மாற்ற முடியவில்லை. அதனால் நித்யாவின் அம்மாவிடம் நீ கோபப்படாதே. நான் உன்னிடம் கத்தியது போல நீ அவர்களிடம் கத்தாதே. அவர்கள் பேத்தி முக்குவதைப் பார்த்துத் தாங்காமல்தான் சொல்கிறார்கள். உட்கார வைத்து, எண்ணெய் எந்த வழியில் இறங்கிவிடும் என்று தன்மையாகச் சொல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தையே படித்துக் காட்டு. எனக்கு அவமானமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

பாப்பா முகம் சிவந்து முக்கினால் பயப்படாதே. அந்த வயசில் வயிற்றை இறுக்கத் தெரியும், கீழே தளர்த்தத் தெரியாது, கற்றுக்கொண்டிருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவை பால் குடித்த பிறகும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரும்வரை முதுகைத் தடவிக் கொடு. பாலோடு காற்றை விழுங்குவதால்தான் பாதி வேதனை. மார்புக் காம்பை மட்டும் பிடிக்காமல் வாய் நிறையப் பிடிக்கிறாளா என்று நித்யாவைப் பார்க்கச் சொல். மல்லாக்கப் படுக்கவைத்து இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பது போல மெல்ல மடக்கி நீட்டு. உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றி, கடிகார முள் சுற்றுகிற பக்கமாகத் தடவு. சாயங்காலம் காரணமில்லாமல் அழுதால் உன் முன்கையின்மேல் குப்புறப் போட்டுக்கொண்டு நட. உன்னை நான் அப்படி வைத்துக்கொண்டு வாசலுக்கும் கிணற்றடிக்கும் எத்தனை நடை நடந்திருப்பேன். நீ என் முழங்கை மடிப்பில் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டு தூங்கிப் போவாய். செய்யலாம் என்று எனக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். ஆறு மாதம்வரை தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் வேண்டாம். சோப்பும் காம்பும் பக்கத்தில் வரவே கூடாது. நித்யா பிடித்ததைச் சாப்பிடட்டும்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எதற்குமே பயப்பட வேண்டாம் என்று நினைத்துவிடாதே. வாந்தி பச்சை நிறத்தில் வந்தால், வயிறு டமாரம் போல உப்பிக் கெட்டியாக இருந்தால், ரத்தம் தெரிந்தால், உடம்பு சுட்டால், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தால், ஈரத் துணி குறைந்தால், எடை ஏறாமல் நின்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதே. நாளைக்கு இன்னொரு குழந்தை பிறந்து, அது முதல் இரண்டு நாளுக்குள் கருப்பாகப் போகாவிட்டாலும், முதல் மாதத்திலேயே போவது நின்றுவிட்டாலும் அப்படித்தான். அங்கே போய் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டால், கொடுத்ததைச் சொல். யார் கொடுத்திருந்தாலும் சொல். திட்டினால் வாங்கிக்கொள்.

இதை எழுதி முடித்து உன் அம்மாவிடம் கொடுத்தேன். சமையலறை வெளிச்சத்தில் நின்றபடியே முழுதும் படித்தாள். சில பக்கங்களை இரண்டு தடவை படித்தாள். நான் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டேன். "ஒண்ணு தப்பா எழுதியிருக்கீங்க" என்றாள். "எவ்வளவோ சொல்லிப் பாத்தாள்னு எழுதியிருக்கீங்க. இல்ல. அன்னைக்கு நான் வேணான்னு ஒரே தடவதான் சொன்னேன். நீங்க மொறச்சீங்க. ரெண்டாந்தடவ சொல்லல. கொழந்தய நானேதான் அண்ணி கையில குடுத்தேன். குடுத்துட்டு நின்னு பாத்துக்கினு இருந்தேன். அவன்கிட்ட அதையும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் அவள் இதை மனசில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கதிர், நித்யா உன்னிடம் ஏதாவது ஒன்றை வேண்டாம் என்று சொன்னால், ஒரு தடவை சொன்னதே உனக்குப் போதும். அவளை இரண்டாவது தடவை சொல்ல வைக்காதே.

அப்பா